தோர்லைவ் நம்பாத மீட்டர்கள்

பால் லாரி ஓட்டும் தோர்லைவ் ஹெக்னே இதுவரை யாரையும் திருடன் என்று சொன்னதில்லை. ஆனால் யாரையும் எடுத்த எடுப்பில் நம்பியதும் இல்லை. கடையில் உருளைக்கிழங்கு மூட்டை வாங்கினால், அதில் ஐந்து கிலோ என்று அச்சடித்திருந்தாலும் காய்கறித் தராசில் ஒரு முறை வைத்துப் பார்ப்பார். இணையத்தில் ஒரு பொருளைப் பாராட்டி ஐந்து பேர் எழுதியிருந்தால் ஐந்தையும் படிப்பார். மூன்றில் ஒரே எழுத்துப்பிழை இருப்பதைக் கண்டுபிடித்து, "இந்த மூணு பேரும் ஒரே ஆளு" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். எங்களுக்கு அதுதான் எரிச்சல்.

இருபத்தாறு வருடங்களாக ஸ்கார்தால் பள்ளத்தாக்கின் பண்ணைகளில் அவர்தான் பால் எடுக்கிறார். ஒவ்வொரு பண்ணையின் குளிர்தொட்டியிலும் ஒரு வெப்பமானி உண்டு. தோர்லைவ் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சட்டைப்பையிலிருந்து தன் சொந்த வெப்பமானியை எடுத்து, சுத்தமாகத் துடைத்துப் பாலில் விடுவார். நான்கு டிகிரியைத் தாண்டினால் குழாயை மாட்டமாட்டார். ஒரு முறை சொந்தத் தம்பி அஸ்லாக்கின் பாலையே விட்டுவிட்டுப் போனார்.

"மீட்டர்ல நாலுதானே காட்டுது?" என்று கேட்டிருக்கிறார் அஸ்லாக்.

"உன் மீட்டர் நாலு காட்டுது. உன் பால் ஆறு காட்டுது."

அதன்பின் இரண்டு கிறிஸ்துமஸுக்கு அஸ்லாக் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மூன்றாம் வருடம் தொட்டியைப் பழுதுபார்க்க வந்தவர், அந்த வெப்பமானி எப்போதோ நான்கிலேயே உறைந்துபோய்விட்டது என்று சொன்னார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அழைப்பு வந்தது. தோர்லைவ் போனார், சாப்பிட்டார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சாப்பிடுவதற்கு முன் பன்றி விலாவின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தார் என்று அஸ்லாக்கின் மனைவி ஊர் முழுக்கச் சொன்னார்.

எனக்கு அவரைத் துப்பாக்கி சுடும் சங்கத்தில்தான் தெரியும். பள்ளத்தாக்கின் அடியில் எங்களுக்கு முந்நூறு மீட்டர் திடல் இருக்கிறது. மேலே, கடல்மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில், க்ரோஹெய் என்ற மேட்டுவெளியில் ஆயிரம் மீட்டர் தூரத்துக்கு ஓர் இரும்புத் தகடு நிறுத்தியிருக்கிறோம். செப்டம்பரில் நான்கு பள்ளத்தாக்குகள் அங்கே கூடிப் போட்டியிடும். ஓர் அணிக்கு நான்கு பேர். தோர்லைவ் பத்தொன்பது வருடமாக எங்கள் நால்வரில் ஒருவர்.

ஐந்தாவது ஆள் நான். யாராவது விலகினால் நான் உள்ளே.

போன இரண்டு போட்டிகளிலும் தோர்லைவ் ஆயிரம் மீட்டரில் ஒரு குண்டைக்கூடத் தகட்டில் வைக்கவில்லை. கீழே முந்நூறில் பழையபடி நடுவிலேயே அடித்தார். மேலே போனால் ஒன்றும் இல்லை. தகட்டுக்குப் பின்னால் ஈரச் சதுப்பு. விழுந்த குண்டு தூசி கிளப்பாது. அதனால் தவறியது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் காற்று என்றோம். அவரும் காற்று என்றே நினைத்து இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில், அவர் இல்லாதபோது, 'கண்' என்ற சொல் வர ஆரம்பித்தது.

ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை, சங்க வீட்டில் அடுப்பில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது, அணித்தலைவி சோல்ஃப்ரிட் அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். சோல்ஃப்ரிட் பல் மருத்துவமனையில் வேலை செய்பவள். வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வாள்.

"தோர்லைவ், இது உனக்குப் பிடிக்காது. கண்ணைக் காட்டிட்டு வா."

"காட்டிட்டேன். கண்ணாடி போடணும்னான்."

"அப்போ போட்டுக்கோ."

"அவன் கடையிலதான் கண்ணாடி விக்கிறான். வேற என்ன சொல்லுவான் அவன்?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சோல்ஃப்ரிட் சிரிக்கவில்லை. "போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை மேல போறோம். நீயும் ஷெர்ஸ்டியும் ஆளுக்கு அஞ்சு குண்டு. யாருக்கு அதிகமோ அவங்க அணியில. சரியா?"

ஷெர்ஸ்டி நான்தான். நான் வாயில் வாஃபிளோடு இருந்தேன்.

தோர்லைவ் என்னைப் பார்த்தார். தொட்டியின் வெப்பமானியைப் பார்க்காமல் பாலைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "என் கண்ணு இல்ல. அந்த மீட்டரு" என்றார். "சங்கத்து மீட்டர் காத்தைத் தப்பா காட்டுது. எனக்கு வேற மீட்டர் வேணும்."

"வாங்கிக்கோ. சங்கம் கொடுக்கும். ஆனா எதுன்னு நீயே பாத்து எடு. அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லாதே."

சங்கத்து மீட்டர் உள்ளங்கையில் அடங்குவது. தலையில் ஒரு சின்னக் காற்றாடி. காற்றின் வேகம், வெப்பம், ஈரம், காற்றழுத்தம் எல்லாம் காட்டும். துப்பாக்கியின் விவரங்களைக் கொடுத்து வைத்தால், துப்பாக்கி மேலுள்ள தொலைநோக்கியின் திருகை எத்தனை சொடுக்கு திருப்ப வேண்டும் என்றும் சொல்லும். ஆயிரம் மீட்டரில் ஒரு சொடுக்குக்குக் குண்டு பத்து சென்டிமீட்டர் நகரும். மற்ற மூவரும் க்ரோஹெய்யிலேயே வருடக்கணக்காகச் சுட்டு எழுதிவைத்த அட்டைகளை வைத்திருந்தார்கள். என் துப்பாக்கியும் சோல்ஃப்ரிட்டுடையதும் ஒரே வகை, அவள் அட்டையைப் படியெடுத்துக்கொண்டேன். தோர்லைவும் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் புதுத் துப்பாக்கி வாங்கியதும் அந்த நோட்டு பயனற்றுப் போயிற்று. அன்றிலிருந்து சங்கத்து மீட்டர் சொல்லும் சொடுக்குதான் அவருக்கு.

அடுத்த வாரம் அவர் இணையத்தில் மூன்று மீட்டர்களை வரவழைத்தார். பதினான்கு நாளுக்குள் திருப்பி அனுப்பிவிடலாம் என்பதால் மூன்று. பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழிக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்தார். பிறகு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு லாரியில வா. மீட்டரைப் பிடிக்க ஆள் வேணும்."

"என்னையா கூப்பிடுறே?"

"நீதான் என் இடத்துக்கு வரப்போறவ. வேற யாரையாவது கூப்பிட்டா, நீ அவங்களைப் பிடிச்சு என்ன நம்பர் வந்துச்சுன்னு கேப்பே. நேரா நீயே பாத்துடு."

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பா சாலைப் பனியை வாரும் வண்டி ஓட்டுகிறார், அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறார். எங்கள் இரு பக்கத்துக் குடும்பத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். த்ரொண்ட்ஹைம் நகரில் இயற்பியல் முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஊருக்கே திரும்பி, பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். படித்ததை எங்காவது பயன்படுத்த வேண்டும் என்ற தவிப்பு எப்போதும் இருந்தது. படித்ததால் எனக்கு எதுவும் கூடுதலாகத் தெரியுமா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. அணியில் இடம் வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வேண்டும்தான்.

காலையில் ஒரு புல்கூட அசையவில்லை. ஆற்றோரம் இரண்டு கிலோமீட்டருக்கு நேரான சாலை. தோர்லைவின் திட்டம் எளிமையானது: மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்குச் சரியாகப் பத்து மீட்டர். காற்றே இல்லாத நேரத்தில் ஓடும் வண்டியிலிருந்து மீட்டரை வெளியே நீட்டினால், எல்லா மீட்டரும் பத்து காட்ட வேண்டும்.

"வேகமுள்ளு சரியா இருக்கணுமே?" என்றேன்.

"கிலோமீட்டர் கல்லுக்குக் கல்லு கடிகாரம் வெச்சுப் பாத்தாச்சு. என்னை என்ன நினைச்சே?"

லாரியின் பெரிய முகம் காற்றைப் பிளந்து தள்ளும், ஜன்னலோரம் நீட்டினால் கணக்குத் தப்பும் என்று நான் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பனிச்சறுக்குக் கோலை எடுத்தார். அதன் நுனியில் மீட்டரைக் கட்டி முன்னால் நீட்டினேன். ஒவ்வொரு மீட்டருக்கும் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. எதிரே வந்த அஞ்சல் வண்டிக்காரர் நின்றே பார்த்தார்.

காற்றாடிக்குப் பதில் கிண்ணங்கள் சுற்றும் மலிவு மீட்டர் எட்டரையோடு நின்றுவிட்டது. நடு விலை மீட்டர் பத்துப் புள்ளி ஒன்று. சொடுக்குக் கணக்கெல்லாம் போடும் விலை உயர்ந்த மீட்டர் சரியாகப் பத்து.

"இப்போ சங்கத்தோடது" என்றார்.

நீட்டினேன். ஒன்பதே முக்காலுக்கும் பத்துக்கும் நடுவில் ஆடி, ஒன்பது புள்ளி ஒன்பதில் நின்றது. திரும்பி வரும்போதும் ஒன்பது புள்ளி ஒன்பது.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதேதான்.

தோர்லைவ் லாரியை ஓரம் கட்டினார். இன்ஜினை நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்து மீட்டர் காற்றைச் சரியாகத்தான் காட்டுகிறது என்றால், தப்பு எங்கே என்று கேட்க அங்கே இன்னொன்றுதான் மிச்சம் இருந்தது. அவர் ஒரு கையால் இடது கண்ணை மூடி, சாலையோரப் பலகையைப் பார்த்தார். பிறகு கையை மாற்றினார். நான் அதைப் பார்க்காததுபோல் கோலிலிருந்து மீட்டரை அவிழ்த்தேன்.

"நீ கோலை ஒரே மாதிரிதான் பிடிச்சியா?"

"ஒரே மாதிரிதான்."

"ம்" என்றார். பால் எடுக்கக் கிளம்பினோம்.

அவருடைய கடைசிப் பண்ணை க்ரோஹெய்யின் விளிம்பில் இருக்கும் கோடைப் பண்ணை. பசுக்கள் அங்கே இன்னும் மூன்று வாரம் இருக்கும். அவர் பாலில் வெப்பமானியை விட்டார், மூன்று புள்ளி இரண்டு, குழாயை மாட்டினார். பால் ஏறிக்கொண்டிருந்தபோது நான்கு மீட்டரையும் லாரியின் சக்கரக்காப்பு மேல் வரிசையாக வைத்தார். வெப்பத்தை ஒப்பிட்டார், நான்கும் ஒத்துப்போயின. ஈரம் ஒத்துப்போயிற்று. காற்றழுத்தத்துக்கு வந்தபோது அவர் குரல் மாறியது.

"இங்க வா."

போனேன். மூன்று புது மீட்டர்களும் தொள்ளாயிரத்து எட்டு, தொள்ளாயிரத்து ஒன்பது என்று காட்டின. சங்கத்து மீட்டர் ஆயிரத்துப் பன்னிரண்டு காட்டியது.

"ஒரே காத்து, ரெண்டு கணக்கு. யாரோ பொய் சொல்றாங்க" என்றார். பிறகு முகம் தெளிந்தது. "காலைல ரேடியோல ஆயிரத்துப் பன்னெண்டுன்னான், கேட்டேன். அப்போ சங்கத்தோடதுதான் சரி. மூணு புதுசும் ஒரே தொழிற்சாலைச் சரக்கா இருக்கும். எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடலாம்."

அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு ஒரு பிற்பகல் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். க்ரோஹெய்யில் சங்கத்து மீட்டரை யாரோ கையில் கொடுத்தார்கள். அது தொள்ளாயிரத்து ஐந்து காட்டியது. வானிலை அறிக்கையோ ஆயிரத்துப் பத்து என்றது. மீட்டர் தப்பு என்று முடிவு செய்தேன். அமைப்புகளுக்குள் போய், இடத்தின் உயரம் தொள்ளாயிரம் மீட்டர் என்று பதிந்தேன். உடனே அது அறிக்கையோடு ஒத்துப்போயிற்று. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். படித்த பெண் என்று யாரோ சொன்னார்கள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வானிலைக்காரர்கள் எல்லா ஊர் அழுத்தத்தையும் கடல்மட்டத்துக்கு மாற்றித்தான் சொல்வார்கள். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட அது வேண்டும். நான் செய்ததும் அதே மாற்றம்தான். ஆனால் குண்டு கடல்மட்டத்தில் பறக்கவில்லை. க்ரோஹெய்யின் மெலிந்த காற்றில் அது அவ்வளவு தடைபடாது, அவ்வளவு தாழாது. மீட்டரோ, நான் கொடுத்த எண்ணை நம்பி, காற்று கெட்டியாக இருக்கிறது, குண்டு நிறையத் தாழும், இன்னும் மேலே தூக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. முந்நூறு மீட்டரில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆயிரத்தில் ஏழு சொடுக்கு. எழுபது சென்டிமீட்டர். தோர்லைவின் குண்டுகள் இரண்டு வருடமாக இடத்திலும் வலத்திலும் போகவில்லை. தகட்டின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன.

நான் சும்மா இருந்தால் போதும். அவர் புதியவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார், வியாழக்கிழமை பழைய மீட்டரோடு ஐந்தையும் சதுப்பில் போடுவார், நான் அணியில் இருப்பேன். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். இதை நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. பால் ஏறும் பம்பு நின்றது நினைவிருக்கிறது. அவர் குழாயைக் கழற்றி, கழுவி, மாட்டிவிட்டு வந்தது நினைவிருக்கிறது. அவ்வளவு நேரம்.

"தோர்லைவ், சங்கத்தோடதுதான் தப்பு" என்றேன். "அதைத் தப்பாக்கினது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் சக்கரக்காப்பில் சாய்ந்து, காகிதத்தில் மடித்த ரொட்டியைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. எனக்குக் கொடுக்கவில்லை.

"எப்போ செஞ்சே?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. ஜூலைல."

"நான் புதுத் துப்பாக்கி வாங்கினதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

"நீ வாங்கினதே எனக்கு அப்போ தெரியாது."

"அதை நீ சொல்றே." ஒரு வாய் மென்றார். "சரி. இப்போ ஏன் சொல்றே?"

"தப்பு என்னோடதுன்னு இப்பதான் தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சு எவ்ளோ நேரம் ஆச்சு? நான் குழாய் கழுவும்போதே உன் மூஞ்சி மாறிடுச்சே."

அவர் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"பட்டதாரி, ஒண்ணு சொல்லு. ரேடியோ சொல்றது பொய்யா?"

"பொய் இல்ல. அது வேற கேள்விக்குப் பதில்."

அவர் நம்பவில்லை. கீழே இறங்கும் வழியில் மூன்று முறை நிறுத்தினார். ஒவ்வொரு வளைவிலும் ஒரு புது மீட்டரை எடுத்துப் பார்த்தார். தொள்ளாயிரத்து இருபது, தொள்ளாயிரத்து ஐம்பது, ஆற்றங்கரையில் தொள்ளாயிரத்து எண்பது. பழையது எங்கேயும் தொள்ளாயிரம் மீட்டரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, கீழே வர வர ஆயிரத்து ஐம்பதைத் தாண்டி ஏறியது. ஆற்றங்கரையில் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "இது இன்னும் மேலதான் இருக்கு, பாரு. நம்மளோட இறங்கவே இல்ல."

மறுநாளே விலை உயர்ந்த மீட்டரையும் மலிவானதையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். நடு விலை மீட்டரை வைத்துக்கொண்டார். அது சொடுக்குக் கணக்குப் போடாது. உயரம் பதியும் வசதியும் அதில் கிடையாது. நிற்கும் இடத்தின் அழுத்தத்தை அப்படியே காட்டும், அவ்வளவுதான். சொடுக்குக்கு ஓர் அட்டவணை எழுதிக்கொண்டார். அந்த அட்டவணையை நான் கணக்கிட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, அடுத்த பள்ளத்தாக்குச் சங்கத்தில் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் பயன்படுத்தினார்.

"பெரிசு நல்லா இருந்துச்சே, ஏன் அனுப்பினே?" என்று சோல்ஃப்ரிட் கேட்டாளாம்.

"அதுல யார் வேணா எனக்கு உதவி பண்ணிட முடியும்" என்றாராம்.

வியாழக்கிழமை க்ரோஹெய்யில் இடமிருந்து வலமாக லேசான காற்று. சுடுவதற்கு முன் சோல்ஃப்ரிட்டிடமும் மற்ற இருவரிடமும் நான் செய்ததைச் சொன்னேன். சொல்லாவிட்டால் தோர்லைவ் சொல்லியிருப்பார் என்பதாலா, சொல்லவேண்டியது என்பதாலா, எனக்கே தெளிவில்லை.

சோல்ஃப்ரிட் தோர்லைவைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த மனுஷனைப் போய்க் கண் டாக்டர்கிட்ட விரட்டினேனே" என்றாள். பிறகு, "தோர்லைவ், படு."

அவர் பாயில் படுத்தார். புது மீட்டரை நீட்டினார், அட்டவணையைப் பார்த்தார், திருகைச் சொடுக்கினார், மறுபடி எண்ணிப் பார்த்தார். முதல் குண்டு. நான்கரை வினாடி கழித்துத் தூரத்திலிருந்து இரும்புச் சத்தம் வந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது சத்தம். நான்காவது தவறியது. ஐந்தாவது பட்டது. நான்கு.

பிறகு நான் படுத்தேன். முதல் இரண்டும் பட்டன. மூன்றாவதில் காற்று சற்றே எழுந்தது, நான் காத்திருக்கவில்லை, தவறியது. நான்காவது பட்டது. ஐந்தாவதற்கு நன்றாகக் காத்திருந்தேன், அதுவும் தவறியது. மூன்று.

"தோர்லைவ் அணியில" என்றாள் சோல்ஃப்ரிட். "ஷெர்ஸ்டி மாற்று." மற்றவர்கள் துப்பாக்கிகளை உறையில் போட்டார்கள்.

வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது தோர்லைவ் என் பக்கத்தில் வந்தார்.

"அந்த ரெண்டு குண்டு, நிஜமாவே தவறுச்சா?"

"நிஜமாத்தான்."

"மூணாவது சரி, அவசரப்பட்டே. அஞ்சாவதுக்கு நல்லா நேரம் எடுத்தியே."

"எடுத்தும் தவறுச்சு."

"எனக்கு அந்த மாதிரி இடம் வேண்டாம், தெரியுமில்ல?"

"தவறுச்சு, தோர்லைவ்."

அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே தவறவிடவில்லை. ஆனால் ஐந்தாவது குண்டுக்கு முன், அது பட்டால் இருவரும் சமம், மறுபடி சுட வேண்டியிருக்கும் என்ற எண்ணம் எனக்குள் வந்தது உண்மை. அந்த எண்ணம் வந்தபோது என் விரல் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எந்த மீட்டரும் அளக்கவில்லை.

"அடுத்த வியாழக்கிழமை போட்டி முடிஞ்சிருக்கும்" என்றார். "அதே தகடு. நீ அஞ்சு சுடு. நான் உன் பின்னாடி படுத்து உன் விரலைப் பாக்கிறேன்."

"வர்றேன்" என்றேன்.

"அஞ்சரைக்கு லாரி கிளம்பும்" என்று சொல்லிவிட்டு, தன் வண்டியின் கதவைத் திறந்தார்.